ஷீல்ட் கேபிளுக்குப் பிளக் அடிக்கும்போது அந்த மொட்டைக் கம்பியை வெட்டாதீர்கள்

எங்கள் வீட்டுப் படலையடியில் ஒரு கமரா பூட்டினேன். கிணற்று மோட்டர் வயரை ஒட்டியே கேபிளை இழுக்க வேண்டியிருந்ததால் காசைப் பார்க்காமல் ஷீல்ட் கேபிளாகவே (மின் இரைச்சலைத் தடுக்க உள்ளே ஃபொயில் சுற்றிய நெட்வேர்க் கேபிள்) வாங்கினேன். அப்படியிருந்தும் அம்மா மோட்டர் போட்டால் படம் உறைந்துவிடும். பிழை என்னுடையதுதான். உள்ளே கிடந்த மொட்டைக் கம்பியைத் தேவையில்லாத சாமான் என்று நினைத்து அடியோடு நறுக்கிவிட்டு, வழக்கமான பிளாஸ்டிக் பிளக்கை அடித்திருந்தேன்.

அந்தக் கம்பிக்குப் பெயர் டிரெயின் வயர். வெள்ளித்தாள் மாதிரி சுற்றியிருக்கிற ஃபொயில் பிடிக்கும் மின் இரைச்சலை பிளக்கின் உலோகக் கூட்டுக்கும், அங்கிருந்து நெட்வேர்க் சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) வழியாக எர்த்துக்கும் கொண்டுபோவது அதுதான்.

முதலில் சாமான். உலோகக் கூடுள்ள ஆர்ஜே45 பிளக் (நெட்வேர்க் கேபிளின் நுனியில் வரும் எட்டுக் கம்பிப் பிளக்) வேண்டும். கேட் 6, கேட் 5ஈ என்பவை கேபிளின் தரங்கள். கேட் 6 கேபிளின் கம்பி தடிப்பாக இருக்கும், கேட் 5ஈ பிளக்குக்குள் மல்லுக்கட்டினாலும் போகாது, ஆகவே ஒரு துண்டு கேபிளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

சரி, வேலை. பிளக்கின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் மூடியை (பூட்) முதலே கேபிளில் கோர்த்துவிடுங்கள் (நான் இதை மறந்து எத்தனையோ பிளக்கை வெட்டி எறிந்திருக்கிறேன்). வெளி உறையை ஒரு 3 சென்ரிமீற்றர் உரியுங்கள், பிளேட்டை அழுத்தினால் ஃபொயிலோடு டிரெயின் வயரும் அறுந்துவிடும், உறையில் கீறல் விழுந்தால் போதும், மடக்கினால் தானாகக் கழரும். ஃபொயிலை உறையின் விளிம்போடு வெட்டுங்கள். டிரெயின் வயரை மட்டும் பின்னால் மடித்து உறையின் மேலே இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். நடுவில் பிளாஸ்டிக் தண்டு இருந்தால் அதையும் அடியோடு வெட்டலாம்.

இனி நிறம். பி முறையில் (ரி568பி என்ற நிற வரிசை) இடமிருந்து: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையும் இதே வரிசைதான். சோடி சோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள், அந்த முறுக்கும் இரைச்சலைத் தடுக்கிற ஒன்றுதான். நகத்தால் நீவி நேராக்கி, நுனியை ஒரே வெட்டாக வெட்டி, பிளக்கின் கிளிப் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். எட்டு செப்பு நுனியும் முன்பக்கத்தில் பளபளவென்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் இழுத்தெடுத்து மறுபடி வெட்டுங்கள், சோம்பல்படாதீர்கள்.

கிறிம்பரால் (பிளக்கைக் கம்பியோடு அழுத்திப் பூட்டும் குறடு) அழுத்திய பிறகு பிளக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக வாலைக் குறட்டால் உறையைச் சுற்றி மடியுங்கள். சுற்றிவைத்த டிரெயின் வயர் அந்த வாலின் அடியில் அகப்படவேண்டும். இது தவறினால் மேலே செய்த எல்லாமே வீண்.

ரெஸ்ரரில் (கேபிளைச் சோதிக்கும் கருவி) 1 முதல் 8 வரை விளக்குகள் எரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஜி என்று ஒரு விளக்கு இருக்கும், ஷீல்டுக்கு அதுதான் சாட்சி. என் முதல் ரெஸ்ரரில் ஜி இல்லவே இல்லை, எட்டும் எரிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சுவிட்சின் போர்ட்டும் (பிளக்கைச் செருகும் இடம்) உலோகமாக, எர்த்தோடு இருக்கவேண்டும். பிளாஸ்டிக் போர்ட்டில் ஷீல்ட் அந்தரத்தில் தொங்கும். அப்புறம், ஐப்பசி இடிக்கு இது காப்பு இல்லை, இடி தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.