பழைய ராணுவ டிரக்கின் ஏர் பிரேக்: பெயர் தெரியாத பாகத்தை அடையாளம் காண்பது எப்படி?

பழைய ராணுவ டிரக்கின் அடியில் படுத்து அண்ணாந்து பார்த்தால், பச்சை வண்ணம் பூசிய உருளைகளும் குழாய்களும் ஒன்றுபோலவே தெரியும். உருவத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயலாதீர்கள். ஒரு பாகத்துக்குள் எது நுழைகிறது, எது வெளியேறுகிறது என்று பாருங்கள். அது என்னவென்று தெரிந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 என்ற இரண்டரை டன் டிரக்கை வைத்து விளக்குகிறேன்.

படி 1: காற்றை வெளியேற்றுங்கள்

சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒவ்வொரு காற்றுத் தொட்டியின் வடிகாலையும் திறந்துவிடுங்கள். அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

படி 2: சக்கரத்தின் உட்புறத்தைப் பாருங்கள்

டிரம்முக்குப் பிரேக் எண்ணெய்க் குழாய் மட்டும் போகிறதா? அப்படியானால் காற்று சக்கரம் வரை வருவதில்லை. எம்35ஏ2 இந்த வகைதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய் 'ஏர் பேக்' (air pack) என்ற பாகத்துக்குள் போகிறது. அங்கே காற்று அந்த அழுத்தத்தைப் பெருக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. சக்கரத்தருகே ஏர் சேம்பரை (காற்றால் பிரேக்கைத் தள்ளும் பெட்டியை) தேடிக் களைத்துப்போகிறவர்கள் இதை அறிந்தால் போதும். எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால், எங்காவது ஈரக் கசிவைக் கண்டால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மாறாக, ரப்பர் குழாய் ஒரு வட்டப் பெட்டியில் முடிந்து, அதிலிருந்து தண்டு ஒன்று நீண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் தள்ளினால், அது முழு ஏர் பிரேக். ஐந்து டன் எம்939 வரிசை அப்படிப்பட்டது. அதில் இரட்டைப் பெட்டி இருந்தால் உள்ளே ஒரு பெரிய சுருள்வில் அழுந்தி நிற்கிறது. தொட்டியில் காற்றே இல்லாவிட்டாலும் அது அழுந்தியபடிதான் இருக்கும். அந்தப் பெட்டியைச் சுற்றியுள்ள வளையப் பட்டையை ஒருபோதும் கழற்றாதீர்கள். தெறித்தால் உயிரே போகும்.

படி 3: கம்ப்ரஸரிலிருந்து குழாயைப் பின்தொடருங்கள்

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரின் தலையிலிருந்து தொட்டிக்குப் போகும் தடித்த குழாய் காற்று வழங்கும் பாதை. மெல்லிய குழாயால் கம்ப்ரஸருடன் பேசும் சிறு பாகம் கவர்னர். அழுத்தம் ஏறக்குறைய 120 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு) எட்டியதும் கம்ப்ரஸரைச் சுமையின்றிச் சுழலவிடும். தொட்டியின் மேலேயே திருகப்பட்ட, வேறு குழாய் எதுவும் போகாத சிறு வால்வு பாதுகாப்பு வால்வு.

தொட்டியைத் தாண்டினால் குழப்பம் தொடங்கும். எம்35ஏ2-வில் கண்ணாடி வைப்பரும் ஹாரனும்கூடக் காற்றில் இயங்குகின்றன. ஆகவே தொட்டியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழாயும் பிரேக்குக்கு உரியதல்ல. முடிவிடம் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஓட்டுநர் அறைக்கு அடியில் பெரிய வட்டமான டப்பாவும் அதன் முனையில் ஒடுங்கிய சிலிண்டருமாக, காற்றுக் குழாயும் எண்ணெய்க் குழாயும் சேர்ந்து நுழையும் இடம் வந்தால் அதுதான் ஏர் பேக். பின்புறம் வண்டியின் சட்டத்தில் முடியும் இரண்டு கொக்கி இணைப்புகள் டிரெய்லருக்கானவை: ஒன்று சர்வீஸ், மற்றொன்று எமர்ஜென்சி.

படி 4: துளையருகே உள்ள குறிகளைப் படியுங்கள்

வால்வின் வார்ப்பில் எழுத்துகள் இருக்கும். பல அடுக்கு வண்ணம் அவற்றை மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம். மெல்லிய தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலால் படுக்கை வாட்டத்தில் தேய்த்தால் பெரும்பாலும் எழுத்து எழும்பி வரும். அமெரிக்க வால்வுகளில் 'எஸ்.யூ.பி.' என்றால் வரவு (காற்று உள்ளே வரும் துளை), 'டி.இ.எல்.' என்றால் செலவு (அடுத்த பாகத்துக்குக் காற்று போகும் துளை), 'இ.எக்ஸ்.' என்றால் கழிவுக் காற்று. பிற்கால ஐரோப்பிய வண்டிகளில் எண்கள் இருக்கும்: 1 வரவு, 2 செலவு, 3 வெளியேற்றம், 4 கட்டுப்பாடு. இந்த நான்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 5: சரக்கு எண்ணைத் தேடுங்கள்

நேட்டோ நாட்டு ராணுவங்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் தரும் நேட்டோ சரக்கு எண் 13 இலக்கம் கொண்டது. முதல் நான்கு இலக்கங்கள் பாகத்தின் வகை: 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், அச்சு, 4820 வால்வு, 4720 வளையும் குழாய், 4310 கம்ப்ரஸர். 1974-க்கு முந்தைய அமெரிக்கத் தகடுகளில் 11 இலக்கங்களே இருக்கும். நான்காம் இலக்கத்துக்குப் பின் 00 சேர்த்துத் தேடுங்கள். எண்ணே இல்லாவிட்டால் அந்த வண்டிக்குரிய ராணுவப் பாகப் புத்தகத்தின் படங்களோடு துளைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு குழாயிலும் சீட்டுக் கட்டி, அது எந்தத் துளையில் இருந்தது என்று எழுதுங்கள். திரும்ப மாட்டியதும் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு இருக்கிறது.