சிகரெட்டை விடும்போது சறுக்கும் இடங்கள்

"இன்றோடு சரி" என்று பாதிப் பெட்டியைக் கசக்கி எறிந்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சிகரெட் கடன் கேட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு, ஒரு தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் வைராக்கியம் போதவில்லை என்று என்னையே திட்டிக்கொள்வேன். விட்ட விதமே தப்பு என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

மூன்றாம் நாளில் விழுவது தற்செயல் அல்ல. இரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்குப் பழகிய மூளை எரிச்சல், தூக்கமின்மை, அடங்காத பசி என்று ரகளை செய்யும். முதல் இரண்டு மூன்று நாளில் இது உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் தணிந்துவிடும். இதை யார் தயவும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவதுதான் வீரம் என்று நினைக்கிறோமே, அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. உதவியில்லாமல் செய்யும் முயற்சிகளில் 4 சதவீதம்தான் பலிக்கின்றன என்கிறது உலக சுகாதார அமைப்பு.

உதவி என்றதும் பெரிய ஏற்பாடாக நினைக்க வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கலாம். பல் டாக்டரும் மருந்துக்கடைக்காரரும்கூட வழி சொல்வார்கள். புகையை விட நினைப்பவர்களுக்கென்றே பல நாடுகளில் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. சில நாடுகளில் அதை சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். எச்சரிக்கைப் படத்தைப் பார்க்கப் பயந்து பெட்டியைக் கவிழ்த்து வைப்பவர் கண்ணில் அது எங்கே படப்போகிறது!

மருந்துகளை எடுத்துக்கொள்வதிலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். அதில் உள்ள நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் உடம்பில் சேர வேண்டும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படியே அரை மணி நேரம். காபி, பழச்சாறு, சோடா குடித்தால் கால் மணி நேரமாவது பொறுத்துத்தான் கம்மை வாயில் போட வேண்டும். கண் விழித்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிற ஆள் என்றால் 2 மில்லிகிராம் கம் போதாது, 4 மில்லிகிராம் தேவைப்படும். தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுக்க மெல்ல மெல்ல வேலை செய்யும், கம் திடீர் ஆசையைச் சமாளிக்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் தரும். "இதிலும் நிகோட்டின்தானே" என்று பயந்து இரண்டு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோயைத் தருவது புகையிலும், அதில் உள்ள பிசுபிசுப்பான தாரிலும் இருக்கும் நச்சுகள். பொதுவாக 8 முதல் 12 வாரம்வரை எடுக்கச் சொல்வார்கள்.

சிகரெட் ஆசையைக் குறைக்கும் வாரெனிக்ளின், பியூப்ரோபியான் மாத்திரைகள் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியவை. இவற்றைச் சிகரெட்டை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது வழக்கம். வலிப்பு வந்தவர்களுக்குப் பியூப்ரோபியான் ஆகாது.

அப்புறம் காபி. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புகைப்பவர் உடம்பு காஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதனால் அதே அளவு காபி குடித்தாலும் இரத்தத்தில் காஃபீன் கூடி, படபடப்பு வரும், தூக்கம் போகும். நாமோ சிகரெட் இல்லாததால்தான் இந்தப் பாடு என்று மறுபடி பற்றவைப்போம். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். மனநோய்க்கோ ஆஸ்துமாவுக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் சிகரெட்டை விடுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகளின் அளவையும் இதே காரணத்துக்காகக் குறைக்க வேண்டியிருக்கும்.

"விடவில்லை, ஆனால் ஒன்றாகக் குறைத்துவிட்டேன்" என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் அபாயத்தில் கிட்டத்தட்ட பாதி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலே வந்துவிடுகிறது. 'லைட்' சிகரெட்டுக்கு மாறினால் ஆழமாக இழுத்து ஈடுகட்டிவிடுவோம். மெல்லும் புகையிலைக்குத் தாவினால் வாய்ப்புற்று காத்திருக்கிறது.

எதற்காக விடுகிறோம் என்பதிலும் ஒரு சிக்கல். இருபது வருடம் கழித்து வரக்கூடிய நோயை நினைத்து இன்றைய ஆசையை அடக்குவது கஷ்டம். பக்கத்திலேயே காரணங்கள் இருக்கின்றன. கடைசி சிகரெட் முடிந்து 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணியத் தொடங்கும். ஓராண்டில், சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகும். "இந்த வயசுக்கு மேல் விட்டு என்ன?" என்பவர்களுக்கு: பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 40 வயதில் விட்டவர்கள் சுமார் 9 ஆண்டு ஆயுளை மீட்டார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு கிடைத்தது.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால்? "எல்லாம் போச்சு" என்று முழுப் பெட்டி வாங்குவதுதான் வழக்கமான அடுத்த தவறு. பேட்ச் ஒட்டியிருந்தால் பிய்த்து எறிய வேண்டியதில்லை, சிகிச்சையை அப்படியே தொடரலாம். அந்த ஒன்றைப் பிடித்தபோது மணி என்ன, கூட யார் இருந்தார்கள், மனம் எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள். உதவி எண்ணுக்கு அடுத்த முறை பேசும்போது அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.