ஐசியூ வாசலில் நிற்பவருக்கு ஒரு 7 மணிக் குறிப்பு

வீட்டில் ஒருவர் ஐசியூவில் இருந்தால், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பிரார்த்தனை நேரம் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் 7 மணி என்று வையுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு குரல் பதிவு: டாக்டர் என்ன சொன்னார், எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் ("நாளைக்கு வென்டிலேட்டரை எடுக்கப் பார்க்கிறார்கள்").

டாக்டர் நம்மிடம் பேசுவதே பெரும்பாலும் நாளுக்கு ஓரிரு தடவைதான். நடுவில் வருகிற இருபது போனுக்கும் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது. துபாய்ச் சித்தப்பாவுக்கு அப்போது 5.30, சிங்கப்பூர் அத்தைக்கு 9.30, இரண்டு பேரும் விழித்திருப்பார்கள். எந்தச் சாமி என்பது அவரவர் இஷ்டம்.

ரத்தம் வேண்டும், அவசர ஆபரேஷன் என்றால் 7 மணிவரை காத்திருக்காமல் உடனே போன் போடுங்கள். விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்று படுத்திருப்பவரே சொல்லியிருந்தால் இது சரிப்படாது.