முதலில் வரிசை, அப்புறம் மார்க்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்தும்போது மார்க்தான் முதலில் வரும், ரேங்க் தானாகப் பின்னால் வரும். கையில் விடைக்குறிப்பு இருக்கிறது. எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று அதிலேயே போட்டிருக்கும். சினிமாவுக்கு விடைக்குறிப்பு கிடையாது. அதனால் ஒரு வருஷத்தில் பார்த்த படங்களை எடைபோட உட்காரும்போது நான் வேலையைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் வரிசை, கடைசியில் மார்க். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பலர் படம் பார்த்த மறுநாளே பத்துக்கு எட்டு, எட்டரை என்று கொடுத்துவிடுவார்கள். டிசம்பரில் எட்டரை வாங்கிய படங்கள் ஒரு டஜன் சேர்ந்துவிடும், எது முதல் என்று கேட்டால் முழிப்பார்கள். இந்த முறையில் அந்தப் பாடு இல்லை.

வேண்டியதெல்லாம் ஒரு நோட்டு, ஒரு பக்கம் அச்சடித்த தாள்களைக் கிழித்த துண்டுச் சீட்டுகள், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்றாவதுதான் கஷ்டம்.

முதலில் என்னென்ன பார்த்தோம் என்று பட்டியல் போட வேண்டும். இதில் ஞாபகத்தை நம்பவே கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் பார்த்ததெல்லாம் கழன்றுவிடும், டிசம்பரில் பார்த்தது மட்டும் முன்னால் வந்து நிற்கும். டிக்கெட் புக் செய்த ஆப்பில் பழைய கணக்கு இருக்கும். மல்டிப்ளெக்ஸ் டிக்கெட் விலை தெரியும் என்பதால் ஜிபேயில் அந்தத் தொகையின் மடங்குகளைத் தேடினாலும் கொஞ்சம் கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸில் கணக்கு அமைப்புகளுக்குள் போனால் பார்த்தது எல்லாம் தேதியோடு வரும், டவுன்லோடும் செய்துகொள்ளலாம். ஒரே புரொஃபைலை வீடே பயன்படுத்தினால் மாமியார் பார்த்த கொரியன் சீரியல்களைக் களைய வேண்டியிருக்கும். பொறுமையாகக் களையுங்கள்.

பாதியில் விட்ட படங்களை என்ன செய்வது? இடைவேளையைத் தாண்டியிருந்தால் பட்டியலில் உண்டு. தாண்டவில்லை என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் மட்டும். பாதிப் பேப்பரைப் பார்த்து மார்க் போட எனக்குக் கை வராது.

அடுத்தது எந்த வருஷத்துக் கணக்கு என்கிற சண்டை. படம் வெளியான வருஷமா, நாம் பார்த்த வருஷமா? விமர்சகர்களுக்கு முதலாவது சரி. அவர்கள் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுகிறார்கள். நமக்கு இரண்டாவதுதான் நியாயம். விடுதலை இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 20 அன்று வந்தது. அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் கட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது ஜனவரிப் படம், அதாவது அடுத்த நோட்டு. ஆனால் ஒரு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் வந்த கில்லியை 2024 ஏப்ரலில் மறுபடி திரையிட்டார்கள், நாங்களும் போய் விசிலடித்துவிட்டு வந்தோம். அதைப் புதுப் படங்களோடு ஓடவிட்டால் போட்டியே இருக்காது. ஏற்கெனவே பார்த்த படம் எத்தனை பெரிய திரையில் மறுபடி வந்தாலும் தனிப் பக்கம்தான். டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேச திரைப்பட விழாவில் பார்த்தவை பிரதான பட்டியலிலேயே சேரும், எந்த நாடு என்று பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்பதையும் குறிக்க வேண்டும். மெய்யழகன் 2024 செப்டம்பர் 27 அன்று வந்தது. வந்த சில நாட்களிலேயே அதில் சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். நான் முதல் வாரம் பார்த்தது நீளமான வடிவம், பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்தது வெட்டிய வடிவம். இரண்டு பேரும் ஒரு மதிய இடைவேளை முழுக்கச் சண்டை போட்ட பிறகுதான், அவர் பார்க்காத காட்சியை நான் புகழ்ந்துகொண்டிருப்பது தெரிந்தது.

படம் பார்த்த அன்று ராத்திரி நோட்டில் மூன்று நான்கு வரி எழுதுங்கள். மார்க் வேண்டாம், ‘சூப்பர்’, ‘செம’ வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும். என் நோட்டிலிருந்து ஒன்று: “லப்பர் பந்து. ஏஜிஎஸ் வில்லிவாக்கம், சாயங்கால ஷோ, நாத்தனாரோடு. விஜயகாந்த் பாட்டு வந்ததும் முன் வரிசையில் ஒரு அப்பா எழுந்து நின்று கை தட்டினார், பையன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். மாமியார் மருமகள் காட்சிகளில் நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி மேட்ச்சில் நகம் போச்சு.” இதில் விமர்சனம் என்று ஒரு வரி இல்லை. ஆனால் ஜனவரியில் படிக்கும்போது அந்தப் படம் எனக்குள் என்ன செய்தது என்று முழுசாகத் திரும்பி வருகிறது. ‘பத்துக்கு எட்டு’ என்று எழுதியிருந்தால் ஒன்றும் வராது.

மாதம் ஒன்று ஆனபின் அதே பக்கத்தில் இன்னொரு வரி சேர்ப்பேன்: இப்போது எது நினைவில் நிற்கிறது? முடிச்சைக் கடைசியில் அவிழ்க்கிற படங்களுக்கு இது ரொம்ப முக்கியம். முடிச்சு அவிழும் அதிர்ச்சியில் அன்றைக்கு எல்லாரும் அள்ளிக் கொடுப்போம். மகாராஜாவைப் பற்றி ஒரு மாதம் கழித்து நான் எழுதியது, போலீஸ் ஸ்டேஷனில் குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று விஜய் சேதுபதி திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தக் குரலைப் பற்றி. திருப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியென்றால் ரகசியம் தெரிந்த பிறகும் அந்தப் படத்தில் சரக்கு மிச்சம் இருக்கிறது.

இனி வரிசை. ஒவ்வொரு படத்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். முதல் சீட்டை மேஜையில் வையுங்கள். இரண்டாவதை எடுத்து, அதைவிட மேலா கீழா என்று முடிவு செய்து வையுங்கள். வரிசை வளர வளர, புதுச் சீட்டை நேராக நடுவில் இருக்கும் படத்தோடு மோதவிடுங்கள். ஜெயித்தால் மேல்பாதி, தோற்றால் கீழ்பாதி. அந்தப் பாதியின் நடுவில் இருப்பதோடு மறுபடி மோதல். இப்படியே போனால் சீட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். நாற்பது படம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட 780 மோதல் வேண்டும். இந்த வழியில் எவ்வளவு மோசமாகப் போனாலும் 177க்குள் முடியும், எந்த ஒரு சீட்டுக்கும் ஆறு மோதலுக்கு மேல் தேவைப்படாது. கணக்கு டீச்சர் என்றால் இந்த மாதிரி சந்தோஷமெல்லாம் உண்டு.

செஸ் வீரர்களின் ஈலோ ரேட்டிங்கும் கிட்டத்தட்ட இந்த மனப்பான்மைதான். அர்பாட் ஈலோ என்கிற இயற்பியல் பேராசிரியர் வகுத்தது, 1970இல் உலக செஸ் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. யார் எவ்வளவு அழகாக ஆடினார் என்று அது கேட்பதே இல்லை, யார் யாரை ஜெயித்தார், ஜெயிக்கப்பட்டவர் எவ்வளவு பெரிய ஆள், அவ்வளவுதான். ஆனந்தும் குகேஷும் வளர்ந்த ஊரில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மோதவிடும்போது கேட்கிற கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எது நல்ல படம்?’ என்று கேட்டால் ஊர் சொன்னதை நாமும் சொல்வோம். ‘எதை மறுபடி பார்ப்பேன்?’ என்று கேட்டால் காமெடிப் படங்கள் எல்லாம் மேலே ஏறிவிடும், கனமான படம் ஒன்றுகூட முதல் பத்தில் தேறாது. என் கேள்வி இது: இரண்டில் ஒன்றை நான் பார்க்காத மாதிரியே அழித்துவிடுவார்கள் என்றால், எதை விட்டுக்கொடுக்க மாட்டேன்? கொஞ்சம் கொடூரமான கேள்விதான், ஆனால் பதில் சீக்கிரம் வரும்.

சீக்கிரம் வராத ஒரு மோதலைச் சொல்கிறேன். வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாளில் வந்தன, 2024 ஆகஸ்ட் 23. வாழையில் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கும் பையன், அவனுக்குப் பிடித்த பூங்கொடி டீச்சர். அந்தப் பள்ளிக்கூடக் காட்சிகளைப் பார்க்கும்போது என் வகுப்பில் திங்கட்கிழமை தூங்கி வழியும் பையன்களின் முகமாக ஓடியது. கடைசி அரை மணி நேரம் அழுதேன், கர்ச்சீப் போதவில்லை. கொட்டுக்காளியில் அழ இடமே கொடுக்கவில்லை. பின்னணி இசை கிடையாது. ஆட்டோவிலும் பைக்கிலும் ஒரு குடும்பம் போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் மீனா வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அன்று ராத்திரி கேட்டிருந்தால் வாழை என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

நோட்டைத் திறந்தேன். வாழைக்குக் கீழே ஒரு மாதம் கழித்து எழுதியிருந்தது: “அழுதது நினைவிருக்கிறது.” கொட்டுக்காளிக்குக் கீழே: “வழியை மறித்து நிற்கும் மாடு. வந்த ஆம்பளைகள் எல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். ஸ்கூலுக்குப் போகும் வழியில் எங்கேயாவது மாடு நின்றால் அவள் ஞாபகம் வருகிறது.” அயனாவரத்தில் மாடு நிற்காத தெரு ஏது? கொட்டுக்காளியை ஒரு படி மேலே வைத்தேன். “முடிவே சொல்லாத படத்துக்கு நான் எதுக்கு பார்க்கிங் காசு கட்டினேன்?” என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். அவர் பட்டியலில் அதற்கு எந்த இடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

சில சமயம் வட்டம் விழும். மெய்யழகன் மகாராஜாவை ஜெயிக்கும், மகாராஜா லப்பர் பந்தை ஜெயிக்கும், லப்பர் பந்து மெய்யழகனை ஜெயிக்கும். பதற வேண்டாம். பல பேர் ஓட்டைக் கூட்டினால் இப்படி வட்டம் விழலாம் என்று கோந்தோர்சே என்கிற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். நம் ஒரு தலைக்குள்ளேயே காலையில் ஓட்டுப் போடுகிறவர் ஒருத்தர், ராத்திரி போடுகிறவர் இன்னொருத்தர். மூன்றுக்கும் ஒரே ரேங்க் கொடுத்துவிடுங்கள். ஸ்கூலில் செய்வது போலவே நான்கு, நான்கு, நான்கு, அடுத்து ஏழு.

வரிசை அமைந்த பிறகு மார்க் போடுவது அரை மணி வேலை. நான் நூறுக்குப் போடுகிறேன், விகடன் வாசித்து வளர்ந்த பழக்கம். 1977இல் 16 வயதினிலே படத்துக்கு விகடன் கொடுத்தது 62.5. அதுவே பெரிய மார்க் என்று இன்று வரை பேசுகிறார்கள். அந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு புத்தி இருக்கிறது: மேலே இடம் காலியாக இருந்தால்தான் நல்ல படத்துக்குக் கொடுக்க மார்க் இருக்கும். நட்சத்திரம் பிடிக்கும் என்றால் ஐந்து நட்சத்திரத்தில் அரை அரையாகக் கொடுத்துக்கொள்ளலாம், அதுவும் பத்துப் படி ஆயிற்று.

வரிசையில் மூன்று இடத்தில் முளை அடியுங்கள். முதல் படத்துக்கு ஒரு எண், நட்ட நடுப் படத்துக்கு ஒரு எண், அப்புறம் ‘இதற்கு மேல் பாஸ், இதற்குக் கீழ் ஃபெயில்’ என்று தோன்றும் இடத்தில் 35. நடுப் படத்துக்கு 50க்கு மேல் போகிறது என்றால் கை தாராளமாகிவிட்டது என்று அர்த்தம், குறையுங்கள். மற்றவற்றுக்கு இடைப்பட்ட எண்களை நிரப்பினால் போதும். பக்கத்துப் பக்கத்துப் படங்களுக்கு நடுவில் பெரிய பள்ளம் தெரிந்தால் எண்ணிலும் பள்ளம் விடுங்கள், சமமாகப் பிரிக்காதீர்கள். என் 2024 வரிசையில் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம்.

கிரேஸ் மார்க் உண்டா என்று கேட்பார்கள். உண்டு, ஐந்துக்கு மேல் இல்லை, தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். பிடித்த ஹீரோ, கூட வந்த ஆள், ரோகிணி தியேட்டரில் முதல் நாள் கூட்டம் போட்ட சத்தம், எல்லாம் அந்தக் கட்டத்துக்குள். தியேட்டரில் பார்த்ததா வீட்டில் பார்த்ததா என்பதற்கும் ஒரு கட்டம். நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது என்று காத்திருந்து, குக்கர் விசிலுக்கு நடுவில் பார்த்த படத்துக்குக் குறைத்துப் போட்டால் அது படத்தின் குற்றமில்லை. அப்படிப் பார்த்தவற்றுக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன், மார்க்கை மாற்றுவதில்லை.

வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பட்டியல் வேண்டுமென்றால் மார்க்குகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பையன் எல்லாவற்றுக்கும் 90 போடுவான், அவன் அப்பா 45ஐத் தாண்ட மாட்டார். அவரவர் ரேங்கைக் கூட்டுங்கள், குறைவான கூட்டுத்தொகை வந்தது முதல். எல்லாரும் பார்த்த படங்களுக்குள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும், ரேங்கையும் அதற்குள்ளேயே போட வேண்டும்.

வெளியில் காட்டுவதாக இருந்தால் பொங்கல் வரை பொறுங்கள். டிசம்பரில் தியேட்டரில் பார்த்தவற்றின் சூடு அதற்குள் கொஞ்சம் தணிந்திருக்கும். பத்து என்று கட்டாயமில்லை. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள், அதனால்தான் என்னுடையது ஏழு. கடைசி இடம் யாருக்கு என்று எழுத வேண்டாம், 35க்குக் கீழே உள்ளவற்றின் வரிசையை நான் வெளியில் காட்டுவதே இல்லை. முக்கியமாக, பட்டியலுக்குக் கீழே ‘பார்க்கத் தவறியவை’ என்று ஐந்தாறு பெயர் போட்டுவிடுங்கள். போடாவிட்டால், “அந்தப் படம் ஏன் இல்லை?” என்று கேட்டுப் பிப்ரவரி வரை போன் வந்துகொண்டே இருக்கும்.