கர்ப்பத்தில் இடுப்பு வலிக்கு மசாஜ்: எப்படிப் படுப்பது?

ஐந்து மாதம் தாண்டிவிட்டால் மல்லாந்து படுத்து மசாஜ் செய்துகொள்ள வேண்டாம். கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும். ஒருக்களித்துப் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் சின்னதாக இன்னொன்று. அப்புறம் முதுகெலும்பின் மேல் படாமல், அதன் இரு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். நீவுகிறவருக்கு முரட்டுக் கை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க இது ஒன்றும் ஊசி இல்லை!

கெண்டைக்காலை மட்டும் அழுத்திப் பிசைய விடாதீர்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மசாஜே கூடாது, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்கொதிப்பு, உதிரப்போக்கு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.