எந்தக் காலில் நிற்கிறீர்கள்?

ஒரே உயரமுள்ள இரண்டு எடை மெஷின்களை ஒட்டி வைத்து, மெஷினுக்கு ஒரு காலாக ஏறி நில்லுங்கள். குனிந்து பார்த்தால் பாரம் நகர்ந்துவிடும். எண்ணை வேறொருவர் படிக்கட்டும். 60 கிலோ ஆளுக்கு அச்சு அசலாக 30, 30 வருவது அபூர்வம். சின்ன வித்தியாசம் சகஜம்தான்.

மூன்று தடவை ஏறி இறங்கியும் 38, 22 என்றே காட்டினால் யோசிக்க வேண்டியதுதான். பாரம் குறைந்த கால் தரையை அழுத்தி உடலை நிறுத்துவது குறைவு. லேசாகத் தடுமாறினாலும் பெரும்பகுதி வேலை இன்னொரு காலின் தலையில் (காலுக்கு ஏது தலை!) விழும், உடல் அதிகம் ஆடும். முழங்கால் வலி, பழைய சுளுக்கு இருப்பவர்கள் தெரியாமலே இப்படி நிற்பதுண்டு.

பல் தேய்க்கும்போது இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி அழுந்துகிறதா என்று கவனியுங்கள். அப்புறம், திடீரென்று ஒரு கால் மட்டும் வலுவிழந்தால் மெஷினைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.