உத்திரச் சட்டத்தைப் படுக்கப் போடாதீர்கள்

2 அங்குலத்துக்கு 6 அங்குலச் சட்டத்தை உத்திரமாகவோ பரண் தாங்கும் விட்டமாகவோ வைக்கும்போது, 6 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். அதே மரம், அதே காசு. பலம் மட்டும் 3 மடங்கு. தொய்வதோ 9-ல் ஒரு பங்குதான். சட்டத்தின் பலம் அதன் உயரத்தின் இருமடிக்கும் (உயரம் × உயரம்), வளையாமல் நிற்கும் விறைப்பு மும்மடிக்கும் (உயரம் × உயரம் × உயரம்) ஏற்பக் கூடுவதுதான் காரணம். அகலத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டுமே வெறும் இரட்டிப்புதான்.

நிமிர்ந்த சட்டம் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். அதனால் இரு முனையிலும், சட்டங்களுக்கு நடுவே சாயாமல் பிடிக்கும் அடைப்புக்கட்டை கொடுத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சதுர மரத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. நேராக நிற்கும் தூணுக்கும் முட்டுக்கும்கூடப் பொருந்தாது. அங்கே மெல்லிய பக்கமாகத்தான் மரம் வளையும், சதுரமோ உருட்டு மரமோதான் சரி.